மேடையில் ஒருவர்... எதிரே நீங்கள்! - உலகை உலுக்கிய தனிநபர் நாடகங்களும், அவற்றை ரசிக்கும் வழியும்

செட் இல்லை, பாட்டு இல்லை, பதில் வசனம் பேச ஆளும் இல்லை. ஒரே ஒருவர் மேடையில் நின்று பேசுகிறார். அவ்வளவுதான்! ஆனால், அந்தப் பேச்சு நீதிபதிகளின் பயிற்சி வகுப்பு வரை போயிருக்கிறது. பாஸ்போர்ட் கிடைக்காத ஓர் எழுத்தாளரின் குரலைக் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுபோயிருக்கிறது. தனிநபர் நாடகங்களிலும் குறுநாடகங்களிலும் அப்படி என்னதான் இருக்கிறது?

டோரிஸுக்கு 75 வயது. கணவர் இறந்துவிட்டார். தனியாக வசிக்கிறார். 'நீங்க தூசி தட்டுற வேலையெல்லாம் வெச்சுக்கக் கூடாது' என்று உதவிக்கு வரும் பெண் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார். டோரிஸுக்கோ சுத்தம்தான் உயிர். அந்தப் பெண் இல்லாத நேரத்தில், கல்யாண போட்டோவைத் துடைக்க ஸ்டூல் மீது ஏறுகிறார். விழுந்துவிடுகிறார். காலில் உணர்ச்சியே இல்லை.

தரையில் கிடந்தபடியே பேச ஆரம்பிக்கிறார். சோபாவுக்கு அடியில் ஒரு பிஸ்கட் கிடப்பது கண்ணில் படுகிறது. 'பார்த்தாயா, அவள் ஒழுங்காகப் பெருக்குவதே இல்லை. இதோ சாட்சி!' என்று அதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அத்தனை திருப்தி. பேச்சு மெல்ல கணவரிடம் போகிறது. பிறகு, பிறக்கும்போதே இறந்துபோன குழந்தையிடம் போகிறது. பொழுது சாய்கிறது. விளக்கு எரியாததைக் கவனித்த ஒரு போலீஸ்காரர், கதவுக்கு வெளியே நின்று 'நல்லா இருக்கீங்களா?' என்று விசாரிக்கிறார். இது ஒன்றுதான் டோரிஸ் பிழைக்க வழி. ஆனால் அவரோ, 'நல்லாத்தான் இருக்கேன், கண் அசந்துட்டேன்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். உதவி கேட்டால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களே!

சுமார் அரை மணி நேரம்... ஒரே ஒரு நடிகை. ஆலன் பென்னட் எழுதிய 'எ கிரீம் கிராக்கர் அண்டர் தி செட்டீ' என்ற இந்தத் தனிநபர் நாடகம், 1988-ல் பி.பி.சி-யில் ஒளிபரப்பான 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையில் ஒன்று. டோரிஸாக நடித்த தோரா ஹிர்டுக்கு பாஃப்டா விருது கிடைத்தது. தொலைக்காட்சிக்காக எழுதப்பட்ட இந்த வரிசை பிறகு மேடைக்கும் வந்தது.

போலீஸ்காரருக்கு உண்மை தெரியாது. வேலைக்கார பெண்ணுக்கும் தெரியாது. டோரிஸ் தரையில் கிடக்கிறார் என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது, பார்த்துக்கொண்டிருக்கும் நாம். தனிநபர் நாடகத்தின் மொத்த சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

மோனோ ஆக்டிங் தெரியும்... இது வேறயா?

தனிநபர் நாடகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்கூல் ஆண்டுவிழா மோனோ ஆக்டிங்தான். கட்டபொம்மனாக மீசையை முறுக்கி ஜாக்சன் துரையிடம் கர்ஜிப்பது, கண்ணகியாகச் சிலம்பை உயர்த்தி நியாயம் கேட்பது என்று கைத்தட்டல் அள்ளும் ஐட்டம் அது. அங்கே பேசுகிறவருக்கு எதிரி யார் என்பது தெரியும். என்ன பேச வேண்டும் என்பதும் தெரியும். ஒளிவுமறைவே இருக்காது.

இன்றைய நாடக ஆசிரியர்கள் எழுதும் தனிநபர் நாடகம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. இதில் பேசுகிறவர் பாதியைத்தான் சொல்வார். சில சமயம் தன்னையே ஏமாற்றிக்கொள்வார். அவர் விட்ட இடங்களை நிரப்புவது பார்வையாளரின் வேலை. கதாகாலட்சேபத்திலும் வில்லுப்பாட்டிலும் ஒருவர் கதை சொல்ல, ஊரே கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமான வடிவமும் இல்லை. ஆனால், பாகவதர் சொல்வதை அப்படியே நம்பலாம். இங்கே பேசுகிறவரை அப்படி நம்ப முடியாது!

இதற்கு நல்ல உதாரணமும் 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையிலேயே இருக்கிறது. 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்' நாடகத்தில் வரும் ஐரீன் ரட்டக், புகார்க் கடிதம் எழுதுவதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் பெண்மணி. எதிர்வீட்டுத் தம்பதி தங்கள் குழந்தையைக் கவனிப்பதில்லை என்று ஜன்னல் வழியாகப் பார்த்தே முடிவுகட்டி, அதையும் எழுதி அனுப்பிவிடுகிறார். உண்மையில் அந்தக் குழந்தை ரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையில் இருக்கிறது. அதுவரை அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த நமக்குச் சுருக்கென்று குத்தும். விவகாரம் வளர்ந்து ஐரீன் சிறைக்குப் போகிறார். அங்கேதான் அவருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தோழிகள் கிடைக்கிறார்கள். சந்தோஷமாகவும் இருக்கிறார்! அத்தனை கடிதங்களும் யாராவது தன்னோடு பேச மாட்டார்களா என்ற ஏக்கத்தில் எழுதப்பட்டவை என்பதை ஐரீன் ஓர் இடத்திலும் சொல்வதில்லை. நமக்கே புரிகிறது.

அதே வரிசையில் 'பெட் அமங் தி லென்டில்ஸ்' என்று ஒன்று. குடிப்பழக்கத்தில் சிக்கிய பாதிரியாரின் மனைவியாக மேகி ஸ்மித் நடித்தது. கணவருக்கும் சபைக்கும் தெரியாமல் தள்ளாடும் அந்தப் பெண்ணைக் குடியிலிருந்து மீள வைப்பவர், லீட்ஸ் நகரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரமேஷ் என்ற இந்தியர். ஆனால், ஊருக்குள் அந்தப் பெருமை போய்ச் சேர்வதோ கணவரிடம்!

லீட்ஸில் கசாப்புக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் பென்னட். தான் பார்த்து வளர்ந்த மனிதர்களின் பேச்சு வழக்கைத்தான் எழுத்தாக்கினார். 1998-ல் இரண்டாவது வரிசை வந்தது. 2020 ஊரடங்கு நேரத்தில், நடிகர்கள் ஒருவர் அருகில் ஒருவர் நிற்கவே முடியாத நிலையில், பி.பி.சி மீண்டும் தேடிப்போனது இந்த நாடகங்களைத்தான். ஒருவர் மட்டும் போதும் என்ற வடிவம் அன்று கைகொடுத்தது. பென்னட் புதிதாக இரண்டு நாடகங்களும் எழுதிக்கொடுத்தார். அவற்றில் சில அதே ஆண்டு லண்டன் பிரிட்ஜ் தியேட்டரிலும் மேடையேறின.

கோர்ட்டுக்குள் நுழைந்த நாடகம்

தனிமையில் இருக்கும் மனிதர்களைக் காட்டியதோடு இந்த வடிவம் நின்றுவிடவில்லை. சட்டத்தையே கூண்டில் ஏற்றிய நாடகமும் உண்டு. அது 'பிரைமா ஃபேசி'.

எழுதியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சூசி மில்லர். முன்னாள் வழக்கறிஞர். கிரிமினல் வழக்குகளிலும் மனித உரிமை வழக்குகளிலும் வேலை செய்தவர். 2019-ல் சிட்னியின் கிரிஃபின் தியேட்டர் கம்பெனி இந்த நாடகத்தை முதலில் மேடையேற்றியது. 2022-ல் லண்டன் வெஸ்ட் எண்டில் ஜோடி கோமர் நடிப்பில் அரங்கேறியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 'கில்லிங் ஈவ்' தொடரில் பார்த்த அதே ஜோடி கோமர்தான்.

கதை இதுதான். டெஸ்ஸா கெட்டிக்கார இளம் வழக்கறிஞர். சாதாரணத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, போராடிப் படித்து மேலே வந்தவர். பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஆண்களுக்காக வாதாடி ஜெயிப்பதில் கில்லாடி. புகார் கொடுத்த பெண்களின் வாக்குமூலத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளைத் தேடிப் பிடித்து, 'நேரம் என்ன? எவ்வளவு குடித்திருந்தீர்கள்? ஏன் கத்தவில்லை?' என்று கேள்விகளால் மடக்குவார். சட்டத்தின் ஆட்டவிதிகளை அவர் முழுசாக நம்புகிறார். நாடகத்தின் முதல் பாதியில் அவருடைய வேகத்தையும் சாமர்த்தியத்தையும் பார்த்து நாமும் ரசிக்கிறோம். சிரிக்கிறோம்.

பிறகு ஓர் இரவு, கூட வேலை பார்க்கும் ஒருவனால் டெஸ்ஸாவே பாதிக்கப்படுகிறார். 782 நாள்கள் கழித்து வழக்கு விசாரணைக்கு வருகிறது. இப்போது சாட்சிக் கூண்டில் நிற்பது டெஸ்ஸா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பது, அவர் மற்ற பெண்களிடம் கேட்ட அதே கேள்விகளை! நடந்தது என்னவென்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால், சட்டம் எதிர்பார்க்கும் வரிசையில், அது எதிர்பார்க்கும் தெளிவோடு அவரால் சொல்ல முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையாகிறான்.

முதல் பாதியில் டெஸ்ஸாவின் வெற்றிகளுக்குக் கைதட்டியது யார்? அரங்கில் உட்கார்ந்திருந்த நாம்தான். அந்தக் கைத்தட்டல் இரண்டாம் பாதியில் நம்மையே உறுத்துகிறது. டெஸ்ஸா, எதிரி, நீதிபதி, போலீஸ் என்று எல்லோரையும் ஒரே நடிகை தன் குரலிலும் உடம்பிலும் கொண்டுவந்து நிறுத்தும்போது, ஜூரியாக உட்கார்ந்திருப்பது பார்வையாளர் கூட்டம். பத்துப் பேர் நடிக்கும் வழக்கமான கோர்ட் நாடகமாக இருந்தால் ஜூரி நாற்காலிகள் மேடையில் இருந்திருக்கும். நாம் நிம்மதியாக வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருப்போம்.

நாடகம் அரங்கத்தோடு முடியவும் இல்லை. வட அயர்லாந்தில் நீதிபதிகளுக்கான பயிற்சியில் இதன் பதிவு சேர்க்கப்பட்டது. பாலியல் குற்ற வழக்குகளின் விசாரணை முறை மாற வேண்டும் என்று நினைத்த பிரிட்டன் வழக்கறிஞர்கள் சிலர், 'டெஸ்ஸா' என்ற பெயரிலேயே குழு அமைத்தார்கள். லண்டன் மேடையேற்றத்துக்கு 2023-ல் சிறந்த புதிய நாடகம், சிறந்த நடிகை ஆகிய ஆலிவியர் விருதுகள் கிடைத்தன. அதே ஆண்டு பிராட்வேயில் நடித்ததற்காக ஜோடி கோமருக்கு டோனி விருதும் கிடைத்தது.

கையில் ஒரு சீட்டு... நீங்களும் நடிகர்!

பார்வையாளரை மனதளவில் பாத்திரமாக்குவது ஒரு வகை. கையைப் பிடித்து நிஜமாகவே நாடகத்துக்குள் இழுத்துக்கொள்வது இன்னொரு வகை. டங்கன் மேக்மில்லன், நடிகர் ஜானி டோனஹோவுடன் சேர்ந்து உருவாக்கிய 'எவ்ரி பிரில்லியன்ட் திங்' இரண்டாவது வகை. 2013-ல் இங்கிலாந்தில் முதலில் மேடையேறியது.

நாடகம் ஆரம்பிப்பதற்கு முன்பே நடிகர் அரங்குக்குள் சுற்றிவந்து, பார்வையாளர்கள் கையில் எண் போட்ட சீட்டுகளைக் கொடுப்பார். அந்த எண்ணை அவர் அழைக்கும்போது, சீட்டில் உள்ளதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். விளக்குகள் அணைக்கப்படுவதே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சீட்டுகளில் என்ன? ஒரு பட்டியல். ஏழு வயதில், அம்மா உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் இருக்கும்போது, அந்தக் குழந்தை எழுத ஆரம்பித்த பட்டியல். 'உலகத்தில் என்னவெல்லாம் நல்லா இருக்கு?' முதல் இடம் ஐஸ்க்ரீமுக்கு! பட்டியலை அம்மாவின் தலையணை மீது வைக்கிறது குழந்தை. அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால், படித்துவிட்டார் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றனவே!

குழந்தை வளர வளர பட்டியலும் வளர்கிறது. காதல், கல்யாணம், பிரிவு, தன் மனதுக்குள்ளேயே எட்டிப்பார்க்கும் இருட்டு என்று வாழ்க்கை போகிறது. கடைசியில் பட்டியல் பத்து லட்சத்தைத் தொடுகிறது. நடுவில் பார்வையாளர்களில் ஒருவர் அப்பாவாக மாற வேண்டியிருக்கும். இன்னொருவர் கால்நடை மருத்துவராக... பள்ளி ஆலோசகராக ஆக்கப்படுபவர் தன் காலுறையைக் கழற்றி, கையில் மாட்டிப் பொம்மையாக்கிப் பேச வேண்டியிருக்கும். அரங்கமே சிரிக்கும்.

இத்தனை கனமான விஷயத்தில் இத்தனை சிரிப்பு எதற்கு? மனச்சோர்வைப் பற்றி வீட்டில்கூடப் பேசத் தயங்கும் சமூகங்களில், ஒரு மணி நேரம் முன்பின் தெரியாத மனிதர்கள் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குச் சிரிப்பு கதவு திறந்துவிடுகிறது. ஊடகங்கள் இப்படியான மரணங்களைப் பரபரப்பாக்கக் கூடாது என்பதையும் நாடகமே பேசுகிறது. மும்பையைச் சேர்ந்த க்வாசர் தாக்கோர் பதம்ஸீ இயக்கத்தில், விவேக் மதன் நடிப்பில் இந்தியாவிலும் இந்த நாடகம் மேடையேறியிருக்கிறது. 2016-ல் ஹெச்.பி.ஓ இதைப் படமாகவும் வெளியிட்டது.

(மனச்சோர்வோ, வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணமோ வந்தால் தயங்காமல் உதவி கேட்கலாம். டெலி மானஸ்: 14416, தமிழக அரசின் உதவி எண்: 104.)

ஒத்திகை இல்லை... இயக்குநரும் இல்லை!

அடுத்தது, நாடகம் நடத்துபவர்களுக்கே வியர்க்கவைக்கும் ஒன்று. இரானைச் சேர்ந்த நசீம் சுலைமான்பூர் எழுதிய 'வொயிட் ராபிட், ரெட் ராபிட்'.

இரானில் ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். அதைச் செய்ய நசீம் மறுத்தார். அதனால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. நாட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாத ஓர் எழுத்தாளர் என்ன செய்வார்? தனக்குப் பதிலாகத் தன் ஸ்கிரிப்டை அனுப்பிவைத்தார்! ஆங்கிலத்திலேயே எழுதினார். 2011-ல் எடின்பரோவிலும் டொரன்டோவிலும் நாடகம் அரங்கேறியது. ஆசிரியர் மட்டும் இரானிலேயே இருந்தார்.

இந்த நாடகத்துக்கு இயக்குநர் கிடையாது. ஒத்திகை கிடையாது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு புதிய நடிகர். ஒருவர் ஒரு முறைதான் நடிக்கலாம். ஸ்கிரிப்ட் சீல் வைத்த உறையில் இருக்கும். மேடையில் பார்வையாளர்கள் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த நிமிடம் வரை நடிகருக்கே தெரியாது. ஹாலிவுட் நட்சத்திரம் ஊப்பி கோல்ட்பெர்க்கும் அப்படித்தான் நியூயார்க் மேடையில் உறையைப் பிரித்தார்.

அதற்குள் என்ன இருக்கிறது என்பதை இங்கே எழுதினால் நாடகத்தைக் கெடுத்ததாகிவிடும். ஒன்று மட்டும் சொல்லலாம். நடிகரின் வாய்வழியாக, எங்கோ இருக்கும் எழுத்தாளர் நம்மோடு பேசுகிறார். உத்தரவிடுகிறார். அவர் சொல்வதை எல்லோரும் செய்கிறார்கள். 'ஏன் செய்கிறோம்? எதுவரை செய்வோம்?' என்ற கேள்வி கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்ததால் நாட்டுக்குள் முடங்கிய ஒருவர், கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறார்.

பிறகு, கண்ணில் இருந்த குறைபாட்டால் ராணுவ சேவையிலிருந்து விலக்கு கிடைக்க, நசீமுக்கு பாஸ்போர்ட்டும் கிடைத்தது. 2013-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தன் நாடகத்தைத் தானே முதன்முதலாகப் பார்த்தார். பல மொழிகளுக்குப் போன நாடகக்காரரின் படைப்பு, அவர் பிறந்த நாட்டில், அவருடைய தாய்மொழியில் மேடையேறவில்லை. அந்த ஏக்கத்தையே கருவாக வைத்து 2017-ல் 'நசீம்' என்ற பெயரில் இன்னொரு நாடகம் எழுதினார். அம்மாவின் மொழியைப் பற்றிய நாடகம் அது.

பத்து நிமிடம் போதுமா?

'தனிநபர் நாடகம் சரி, குறுநாடகம்?' என்று கேட்கலாம். அங்கேயும் இதே விளையாட்டுதான். சொல்வதைவிட விடுவது அதிகம்.

இதன் தாத்தா சாமுவேல் பெக்கெட். அவருடைய 'பிரீத்' நாடகம் சுமார் அரை நிமிடம்தான். மேடையில் குப்பை, ஓர் அழுகுரல், ஒரு மூச்சு. அவ்வளவுதான் மொத்த வாழ்க்கையும்! 'நாட் ஐ' நாடகத்தில் இருட்டு மேடையில் தெரிவது ஒரு பெண்ணின் வாய் மட்டுமே. அந்த வாய் மூச்சுவிடாமல் பேசித்தள்ளும்.

இன்றைய எழுத்தாளர்களில் இதைத் தொடர்ந்து செய்துவருபவர் பிரிட்டனின் கேரில் சர்ச்சில். 1938-ல் பிறந்தவர். 2012-ல் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் அரங்கேறிய அவருடைய 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' நாடகத்தில் 50-க்கும் மேற்பட்ட குட்டிக் காட்சிகள், 100-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள். சில காட்சிகள் ஒரு நிமிடம்கூட இல்லை. எந்த வசனத்தை யார் பேச வேண்டும் என்றுகூட ஸ்கிரிப்டில் பெயர் போடவில்லை. காதலர்களா, அக்கா தங்கையா, டாக்டரும் நோயாளியுமா என்பதை நாடகம் போடுகிறவர்களே முடிவுசெய்துகொள்ளலாம். 2019-ல் அவர் எழுதிய நான்கு குறுநாடகங்கள் ஒரே மாலையில் அதே அரங்கில் நடந்தன. அவற்றில் ஒன்றில் கதாநாயகி கண்ணாடியால் ஆன ஒரு பெண்!

பத்து நிமிட நாடகங்களுக்கென்றே திருவிழாக்களும் உண்டு. 2002-ல் சிட்னியில் தொடங்கிய 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' அவற்றில் புகழ்பெற்றது. ஒரே மாலையில் பல நாடகங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். 2010-களில் இந்த விழா சென்னைக்கும் வந்தது. புதிதாக எழுதுகிறவர்களுக்கும் முதல்முறை நடிப்பவர்களுக்கும் இது நல்ல நுழைவாயில். பெரிய செட்டுக்குச் செலவு கிடையாது. நாடகம் பிடிக்கவில்லை என்றாலும் பார்வையாளருக்குப் பத்து நிமிடம்தான் நஷ்டம்!

தமிழ் மேடையில்...

தமிழில் நாடகம் என்றால் சபா காமெடிதான் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. எழுத்தாளர் ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையும், 'நாற்காலிக்காரர்' போன்ற அவருடைய குறுநாடகங்களும் வேறொரு பாதையைப் போட்டுக்கொடுத்தன. பெண்களின் குரலை மேடைக்குக் கொண்டுவந்ததில் அ.மங்கையின் பங்கு பெரியது.

தனிநபர் நாடகத்தில் இங்கே குறிப்பிட வேண்டியது 'வெள்ளை மொழி'. நாமக்கல் பகுதியிலிருந்து வந்த எழுத்தாளரும் செயற்பாட்டாளருமான ஏ.ரேவதி, திருநங்கையாகத் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகம் அது. பிறகு, அ.மங்கையின் நெறியாள்கையில் ரேவதியே அதை மேடையில் நிகழ்த்தினார். வீடு, ஊர், அடி, அவமானம், ஏற்பு எல்லாவற்றையும் அனுபவித்தவரே நம் கண் முன்னால் நின்று சொல்லும்போது, 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு எழுந்துபோக முடிவதில்லை. தெருவிலும் ரயிலிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள், ஒருவர் பேசுவதை உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறார்கள். மேடை தரும் பெரிய மரியாதை அதுதான்.

சரி, எப்படி ரசிப்பது?

சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தனிநபர் நாடகம் முதல் பத்து நிமிடம் கொஞ்சம் சோதிக்கும். சில விஷயங்களைக் கவனித்தால் சுவாரஸ்யம் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

1. யாரிடம் பேசுகிறார்? முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். தனக்குத்தானே பேசுகிறாரா, இறந்துபோன கணவரிடமா, கோர்ட்டிடமா, உங்களிடமா? பதில் நடுவில் மாறினால், அங்கே ஏதோ உடைகிறது என்று அர்த்தம்.

2. எதைத் தவிர்க்கிறார்? ஒரு பெயர் வந்ததும் பேச்சை மாற்றுகிறாரா? ஒரு வருடத்தைத் தாண்டிக் குதிக்கிறாரா? டோரிஸ் பிஸ்கட்டைப் பற்றி அத்தனை பேசுவது, இறந்த குழந்தையைப் பற்றிப் பேசாமல் இருக்கவும்தான்.

3. மேடையில் என்ன பொருள் இருக்கிறது? ஆள் குறைவான நாடகத்தில் பொருள்களுக்கு வேலை அதிகம். கல்யாண போட்டோ, எண் போட்ட சீட்டு, சீல் வைத்த உறை... ஒவ்வொன்றும் ஒரு பாத்திரம்தான்.

4. மௌனத்தை விட்டுவிடாதீர்கள். நடிகர் வசனத்தை மறந்துவிட்டாரோ என்று பதறும் இடத்தில்தான் பல சமயம் நாடகத்தின் உச்சம் இருக்கும். அந்த நேரம் பார்த்து செல்போன் ஒலித்தால், போனது நடிகரின் கவனம் மட்டுமல்ல. அரங்கமே சேர்ந்து கட்டிய ஒன்று.

5. எங்கே சிரித்தீர்கள்? வீடு திரும்பும்போது யோசித்துப் பாருங்கள். 'பிரைமா ஃபேசி'யின் முதல் பாதியில் சிரித்த இடங்கள் பின்னால் வலிப்பதுபோல, நல்ல ஆசிரியர் நம் சிரிப்பையும் கணக்கில் வைத்திருப்பார்.

6. முடிவை நீங்கள் எழுதுங்கள். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்விக்குப் பல குறுநாடகங்களில் பதில் இருக்காது. கூட வந்தவர்களோடு டீக்கடையில் நின்று பேசுங்கள். ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். நாடகம் அங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

அரங்குக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் படித்தும் பார்க்கலாம். இந்த ஆங்கில நாடகங்களில் பெரும்பாலானவை புத்தகமாகக் கிடைக்கின்றன. ஒரு விஷயம்... மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே குரல் தயங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். கல்லூரி கல்ச்சுரல்ஸுக்கு மோனோ ஆக்டிங் தயார் செய்யும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கட்டபொம்மனோடு பக்கத்து வீட்டுப் பாட்டியையும் ஒருமுறை முயற்சி செய்துபார்க்கச் சொல்லலாம். அந்தப் பாட்டி எப்படிப் பேசுகிறார், எந்த இடத்தில் நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்று கவனிப்பதிலிருந்து பயிற்சி ஆரம்பமாகும்.

அதற்கு முதலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் அரை மணி நேரம் கேட்க வேண்டும். அவர் எத்தனை நாளாக அதற்குக் காத்திருக்கிறாரோ!